சொந்த லாரியா, கம்பெனி லாரியா? டர்பனிலிருந்து ஒரு கணக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் அக்கா மகன் வீட்டுக்கு வந்தான். சாப்பிட உட்காரக்கூட இல்லை, நின்றபடியே போனை நீட்டினான். திரையில் ஒரு வெள்ளை ஹார்ஸ், ட்ரெய்லர் இழுக்கிற வண்டி. ஒன்பது வருட வண்டி, பதினோரு லட்சம் கிலோமீட்டர் ஓடியது, இங்கே டர்பன் கிளேர்வுட்டில் ஒரு யார்டில் நிற்கிறது. "மாமா, விலை படியும் போல இருக்கு, நீங்க ஒரு வார்த்தை சொன்னா எடுத்துடுவேன்" என்றான். அந்த ஒரு வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை. "முதல்ல சாப்பிடு" என்று சொல்லி வைத்தேன். அன்றைக்குச் சொல்ல முடியாததைத்தான் இப்போது நீளமாக எழுதுகிறேன், அவனுக்கும், அவனைப் போல யோசித்துக்கொண்டிருக்கிற மற்றவர்களுக்கும்.

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் ஆயா, பாட்டியைத்தான் அப்படிக் கூப்பிடுவோம், வீட்டில் தமிழைத் தவிர வேறு எதையும் காதில் வாங்க மாட்டாள், அதனால் எங்களுக்கு மொழி தங்கியது. பதினான்கு வருடம் கம்பெனி வண்டி ஓட்டினேன். 2019இல் சொந்தமாக ஹார்ஸும் ட்ரெய்லரும் வாங்கினேன், 2023இல் விற்றேன். இப்போது எட்டு டன் வண்டி ஒன்றை வைத்துக்கொண்டு டர்பனுக்குள்ளேயே ஓட்டுகிறேன். ஆக, எல்லாப் பக்கத்திலும் கொஞ்சம் கொஞ்சம் அடி வாங்கியவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு விளக்கம். இங்கே லாரியின் முன்பாகத்தை, அதாவது இன்ஜினும் கேபினும் இருக்கிற இழுவை வண்டியை, ஹார்ஸ் என்போம். அதன் பின்னால் இரண்டு ட்ரெய்லர்களைக் கோர்த்தால் இன்டர்லிங்க். சட்டப்படி மொத்த நீளம் 22 மீட்டர், சுமையோடு சேர்த்து மொத்த எடை 56 டன், அதற்கு மேல் போகக் கூடாது. ஏழு அச்சு வண்டி என்றால் முன்னால் இரண்டு டயர், பின்னால் எட்டு எட்டாக மூன்று ஜோடி அச்சு, மொத்தம் 26 டயர். இந்த 26 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வண்டி வாங்கப் போகிறவர்கள் பலர் இன்ஜினைத் திறந்து பார்ப்பார்கள், டயரை எண்ண மாட்டார்கள்.

ஓட்டுவது பெரும்பாலும் என்3 நெடுஞ்சாலையில், டர்பன் துறைமுகத்திலிருந்து ஜோகன்னஸ்பர்க்கின் சிட்டி டீப் சரக்கு நிலையம் வரை. ஏறக்குறைய 570 கிலோமீட்டர், போக வர யார்ட், டிப்போ எல்லாம் சேர்த்தால் 1,200 என்று வையுங்கள். கடல் மட்டத்தில் கிளம்பி, மாரிட்ஸ்பர்க்கில் டவுன் ஹில் என்ற மேட்டில் ஏறி, வான் ரீனன் கணவாயில் 1,680 மீட்டர் உயரத்துக்குப் போய்தான் மேலே சமதளம். 9 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு வேக வரம்பு மணிக்கு 80. அதனால் எவ்வளவு சூரனாக இருந்தாலும் ஒரு பக்கப் பயணத்துக்கு ஒன்பது பத்து மணி நேரம் ஆகிவிடும், இப்போது மாரிட்ஸ்பர்க்குக்கும் டர்பனுக்கும் நடுவே சாலையை அகலப்படுத்தும் வேலை வேறு நடக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். சொந்த வண்டிக் கணக்கு போடுகிறவர்கள் எல்லோரும் வண்டி ஓடுகிற நாளுக்குத்தான் கணக்கு போடுகிறார்கள். ஒரு ட்ரிப்புக்கு இவ்வளவு, மாதம் எட்டு ட்ரிப், டீசல் போக இவ்வளவு மிச்சம். நானும் 2019இல் அப்படித்தான் ஒரு பள்ளிக்கூட நோட்டில் போட்டேன், அந்த நோட்டு இன்னும் இருக்கிறது, பார்த்தால் எனக்கே சிரிப்பு வரும். நான்கு வருடம் ஓட்டியபின் எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: கம்பெனி வேலை, ஒப்பந்த வண்டி, தனி வண்டி, சின்ன வண்டி, எதை எடுத்தாலும் அதற்கும் இதற்கும் உள்ள உண்மையான வித்தியாசம், வண்டி நிற்கிற நாளுக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

என் மருமகன் கதையையே எடுத்துக்கொள்வோம். 2024 செப்டம்பரில் வான் ரீனனில் பனி கொட்டியது ஞாபகம் இருக்கும், என்3ஐ மூடிவிட்டார்கள், நூற்றுக்கணக்கான வண்டிகள் மலைமேல் மாட்டின. அவனும் மாட்டினான். கம்பெனி வண்டி. கேபினுக்குள் இரண்டு போர்வையைச் சுற்றிக்கொண்டு, அது புரட்டாசி மாதம் என்பதால் அக்கா கட்டிக்கொடுத்த பீன்ஸ் கறியையும் ரொட்டியையும் ஆறிப்போனபடியே பிய்த்துத் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு முன்னால் நின்ற வண்டிக்காரர் டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸ்காரர், சொந்த வண்டி. அந்த மனிதர் ராத்திரி முழுக்க இறங்கி இறங்கி நடந்தாராம், குளிருக்காக இல்லை, போன் சிக்னல் தேடி. சரக்கு திங்கட்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் அடுத்த லோடு வேறொருவருக்குப் போய்விடும், மாதக் கடைசியில் பேங்க் தவணை பிடித்துவிடும். இன்ஜினை ஓட விட்டால் சூடு வரும், டீசல் போகும். நிறுத்தினால் டீசல் மிஞ்சும், விடியும்போது இன்ஜின் கிளம்புமோ கிளம்பாதோ. ஒரே மலை, ஒரே பனி. என் மருமகன் குளிரில் நடுங்கினான், அவ்வளவுதான். இதைச் சொல்லிவிட்டு அதே வாயால் சொந்த வண்டி வாங்கப் போகிறேன் என்கிறான், என்ன சொல்ல.

கம்பெனி வேலையை முதலில் பார்த்துவிடலாம், இதில் நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. கோட் 14 என்று நாம் இன்னும் சொல்கிற, ட்ரெய்லர் கோர்த்த கனரக வண்டிக்கான ஈ.சி. லைசென்ஸ் வேண்டும், மருத்துவச் சான்றோடு பி.டி.பி. என்கிற தொழில்முறை ஓட்டுநர் அனுமதி வேண்டும், அதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அபாயகரமான சரக்கு என்றால் வயது 25 ஆகியிருக்க வேண்டும். சரக்குப் போக்குவரத்துத் துறைக்கென்று தேசியப் பேச்சுவார்த்தைக் குழு இருக்கிறது, குறைந்தபட்சச் சம்பளத்தை அதுதான் நிர்ணயிக்கிறது. வாரம் 45 மணி நேரம் சாதாரண வேலை, அதற்கு மேல் ஓவர்டைம். வருங்கால வைப்பு நிதி உண்டு, வேலை போனால் கொஞ்ச நாள் தாங்க யூ.ஐ.எஃப். உண்டு, டிசம்பரில் கையில் ஒரு தொகை வரும். பேஹெட் ரோட்டில் துறைமுக வாசலில் ஆறு மணி நேரம் வரிசையில் நின்றாலும் அந்த ஆறு மணி நேரமும் உங்கள் வேலை நேரம்தான். டயர் வெடித்தால் கம்பெனிக்கு ஒரு போன்.

குறை என்ன? சம்பளம் ஒரு அளவுக்கு மேல் ஏறாது. இருபது வருடம் ஓட்டினவனும் ஐந்து வருடம் ஓட்டினவனும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்பார்கள். கண்ட்ரோலர் ஒருவர் உட்கார்ந்துகொண்டு உங்கள் வண்டி எங்கே நின்றது, ஏன் நின்றது, ஏன் பிரேக்கை அழுத்தினாய் என்று திரையைப் பார்த்துக் கேட்பார். என் மூத்த மகள் பிறந்தபோது நான் என்3 வழியில் ஹாரிஸ்மித் ஊரில் இருந்தேன். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டு மூன்று வருடம் லீவு கிடைக்காமல் தள்ளிப் போட்டேன். இதெல்லாம்தான் மனிதனைச் சொந்த வண்டிப் பக்கம் தள்ளுகிறது, காசு மட்டும் இல்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், சொந்த வண்டி ஓட்டிய நான்கு வருடத்திலும் நான் காவடி எடுத்தது ஒரு முறைதான்.

அடுத்தது, இப்போது என் மருமகனுக்கு வந்திருக்கிற வாய்ப்பு. ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனி சொல்கிறது: நீ ஹார்ஸ் மட்டும் வாங்கு, ட்ரெய்லர் எங்களுடையது, லோடு எங்களுடையது, டீசல் கார்டும் நாங்களே தருகிறோம், மாதக் கடைசியில் டீசலையும் மற்றதையும் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்போம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. லோடு தேடி அலைய வேண்டாம், டீசலுக்குக் கைக்காசு வேண்டாம், ட்ரெய்லர் டயர் பதினாறும் அவர்கள் தலைவலி. புதிதாக இறங்குகிறவனுக்கு இதுதான் பத்திரமான வழி என்று நிறையப் பேர் சொல்வார்கள். பாதி உண்மை.

மறு பாதி அந்த ஒப்பந்தக் காகிதத்தில் இருக்கிறது. அவன் கொண்டுவந்த காகிதத்தை நான் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தேன். பேங்க் கடன் அறுபது மாதத்துக்கு. ஒப்பந்தத்தை எந்தத் தரப்பும் முப்பது நாள் முன்னறிவிப்பில் முடித்துக்கொள்ளலாம். அறுபது மாதத்துக்கு நீ பேங்குக்குக் கட்டுப்பட்டவன், அவர்களோ உனக்கு ஒரு மாதத்துக்குத்தான் கட்டுப்பட்டவர்கள். இடையில் வேறு யாருக்கும் வண்டி ஓட்டக் கூடாது, வண்டிக்கு அவர்கள் நிறம் அடிக்க வேண்டும், அந்தச் செலவும் உன்னுடையது. மாதம் குறைந்தது இத்தனை கிலோமீட்டர் தருவோம் என்ற வாக்கு எங்கேயும் இல்லை. துறைமுகத்தில் நின்றால் நிற்கிற நேரத்துக்குக் காசு உண்டா என்று பார்த்தேன், அதுவும் இல்லை. அப்புறம் என்ன, நிற்கிற நாளெல்லாம் உன் கணக்கில். கம்பெனி தன் ஓட்டுநருக்குக் கொடுத்துவந்த நிற்கிற நாள் கூலியை உன் தலையில் இறக்கிவிட்டு, அதற்கு முதலாளி என்று பெயர் வைத்திருக்கிறது.

எல்லா ஒப்பந்தமும் இப்படி இருக்காது, நல்லதும் உண்டு. நான் பார்த்த ஒன்றில் இரண்டு வருடக் காலம், குறைந்தபட்சக் கிலோமீட்டர், டீசல் விலை ஏறினால் கூலியும் ஏறும் என்ற விதி, மூன்றும் இருந்தன. அப்படி ஒன்று கையில் கிடைத்தால் தயங்காதீர்கள் என்பேன். அந்த மூன்றில் டீசல் விதிதான் எனக்கு முதல், ஏன் என்று சொல்கிறேன்.

சுமையோடு இன்டர்லிங்க் லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கொடுத்தால் நல்லது. 1,200 கிலோமீட்டர் போக வர 600 லிட்டர். மாதம் எட்டு முறை என்றால் 4,800 லிட்டர். 2021 தொடக்கத்தில் டீசலின் மொத்த விற்பனை விலை லிட்டருக்கு 13 ராண்ட் பக்கம் இருந்தது. 2022 நடுவில் 25 ராண்ட்டைத் தொட்டது. உக்ரைன் போர், ராண்ட்டின் மதிப்பு, எல்லாம் சேர்ந்து. அதாவது அதே 4,800 லிட்டருக்கு மாதம் 62,400 ராண்ட் கொடுத்தவன் ஒன்றரை வருடத்தில் 1,20,000 கொடுத்தான். கூலி அந்த வேகத்தில் ஏறியதா? எனக்கு ஏறவில்லை. இங்கே மாதத்தின் முதல் புதன்கிழமை எரிபொருள் விலை மாறும், நான் செவ்வாய்க்கிழமை ராத்திரி டேங்கை நிரப்பப் பழகிக்கொண்டேன். இன்னொன்று, கடற்கரையில் டீசல் மலிவு, உள்நாட்டில் விலை கூடுதல், அதனால் டர்பனிலேயே நிரப்பிக்கொண்டு மேலே போவது எல்லோரும் செய்வது. இதெல்லாம் சில்லறை மிச்சம். பெரிய ஓட்டையை இதனால் அடைக்க முடியாது, கூலியில் டீசல் விதி இருந்தால்தான் அடைபடும்.

மூன்றாவது, நான் செய்தது. ஹார்ஸ், ட்ரெய்லர் இரண்டும் சொந்தம், லோடு நானே பிடிப்பது. இதில் சுதந்திரம் உண்டு, அதை மறுக்க மாட்டேன். 2019 ஆவணியில் வண்டியை மாரியம்மன் கோவில் வாசலுக்குக் கொண்டுபோய், தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு கிளம்பினேனே, அந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆயா பின்னாலேயே கும்பிட்டபடி நின்றாள். அந்த ஒரு நாளுக்காகவே வாங்கலாம் என்று சில சமயம் தோன்றும். (தோன்றும்போது நோட்டை எடுத்துப் பார்ப்பேன்.)

லோடு பெரும்பாலும் புரோக்கர் வழியாக வரும். ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: ஐசிபிங்கோவிலிருந்து கெம்ப்டன் பார்க், 32 டன், காலை ஆறு மணிக்கு ஏற்ற வேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் சரி என்று சொல்லாவிட்டால் அடுத்தவன் சொல்லிவிடுவான். மேலே போகிற லோடுக்கு ஒரு மாதிரி கூலி கிடைக்கும். திரும்பும் லோடுதான் பிரச்சினை. ஜோகன்னஸ்பர்க்கில் இறக்கிவிட்டு நிற்கிற வண்டிகள் அதிகம், புரோக்கருக்கும் அது தெரியும், டீசல் காசுக்குக் கொஞ்சம் மேலே சொல்லி எடுத்துக்கொள் என்பான். எடுக்காவிட்டால் காலி வண்டியாக இறங்க வேண்டும், அல்லது இன்னொரு நாள் நிற்க வேண்டும்.

நிற்பதற்கு என்ன விலை என்று கேட்டால், அன்றைக்கு என்னால் சொல்ல முடிந்திருக்காது, இப்போது சொல்வேன். கணக்குக்கு 15 லட்சம் ராண்ட் கடன், அறுபது மாதம் என்று வையுங்கள். பிரைம் வட்டி, அதாவது பேங்குகளின் அடிப்படைக் கடன் வட்டி, 2020 நடுவில் 7 சதவீதம், அந்த வட்டியில் மாதத் தவணை சுமார் 29,700. 2023 மே மாதம் பிரைம் 11.75 ஆனது, அந்த வட்டியில் அதே கடனுக்கு சுமார் 33,200. வட்டி மாறும் கடன் வாங்கியவர்கள் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்த காலம் அது. இதோடு வண்டிக் காப்பீடு, சரக்குக் காப்பீடு, டிராக்கர், லைசென்ஸ் எல்லாம் சேர்த்து மாதம் 12,000 என்று குறைத்தே வைத்தாலும் 45,000. மாதம் 25 வேலை நாள். ஆக, ஒரு சக்கரம்கூட உருளாமல் ஒரு நாள் நின்றால் 1,800 ராண்ட் போச்சு, சாப்பாட்டுச் செலவு தனி. ஜோபர்க்கில் ஒரு நாள் நிற்பதா, மட்டமான கூலிக்கு லோடு எடுப்பதா என்று முடிவு செய்ய இந்த எண்தான் வேண்டும். எனக்கு அது மூன்றாவது வருடம்தான் தெரியவந்தது.

தவணையைக் குறைக்கிறேன் என்று கடைசியில் மொத்தமாகக் கட்டுகிற பலூன் போட்டுத் தருவார்கள், அதில் விழாதீர்கள். ஐந்து வருடம் கழித்து வண்டி கிழடாகியிருக்கும், பலூன் அப்படியே இருக்கும்.

இனி நிற்க வைக்கிற காரணங்களைச் சொல்ல ஆரம்பித்தால் முடியாது. 2021 ஜூலை கலவரத்தில் என்3 வழியில் மூய் ரிவர் ஊரில் லாரிகளை வரிசையாகக் கொளுத்தினார்கள், என்3 மூடப்பட்டது. நான் அப்போது ஹாரிஸ்மித்தில் ஒரு லாரி நிறுத்தத்தில் பத்து நாள் கிடந்தேன், கையில் இருந்த ரொட்டியை மூன்று பேர் பகிர்ந்து சாப்பிட்டோம், அதில் ஒருவர் ஜிம்பாப்வேக்காரர், அவர் வெளியே தலை காட்டவே பயந்தார். அதே மாதக் கடைசியில் துறைமுகக் கணினிகளில் இணையத் தாக்குதல், கன்டெய்னர் வெளியே வரவில்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் பேஹெட் ரோடே அடித்துப் போனது, துறைமுகத்துக்குள் போக வழி இல்லை. 2023 ஜூலையில் வான் ரீனனில் மறுபடியும் ஆறு லாரிகளைக் கொளுத்தினார்கள். அந்த வருடக் கடைசியில் துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் அறுபதுக்கு மேல் காத்து நின்றன, கப்பல் நின்றால் லாரியும் நிற்கும். மூன்று வருடத்துக்குள் இத்தனை. கலவரத்தில் எரிந்த வண்டிக்குச் சாதாரணக் காப்பீடு ஒரு காசுகூடத் தராது, அதற்கு அரசின் சாஸ்ரியா காப்பீடு தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். பாலிசியில் அந்த ஒரு வரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். சாஸ்ரியாவும் எரிந்த வண்டிக்குத்தான் ஈடு தரும். பத்து நாள் நின்றதற்கு வருமானம் வேண்டுமென்றால் அதற்கென்று வேறு பாலிசி எடுத்திருக்க வேண்டும், என்னிடம் இல்லை.

அப்புறம் காசு கைக்கு வருகிற கதை. லோடு இறக்கியதும் கையெழுத்து வாங்கிய டெலிவரி தாளை அனுப்ப வேண்டும், அதன்பின் ஸ்டேட்மென்ட் தேதியிலிருந்து முப்பது நாள். நடைமுறையில் அறுபது. டீசல் லிட்டர் 20 ராண்ட் என்று வைத்தால் மாதம் 96,000, இரண்டு மாதத்துக்கு 1,92,000, அது முழுவதும் நம் பையிலிருந்து போய்விட்டுத்தான் முதல் காசு வரும். வண்டி வாங்க முன்பணம் சேர்த்தவர்கள் இந்தப் பணத்தைச் சேர்ப்பதில்லை. இதில் வாட் வேறு: கம்பெனியாகப் பதிவு செய்து, பில் தேதிப்படி வாட் கட்டுகிறவர் என்றால், வாடிக்கையாளர் இன்னும் தராத பணத்துக்கும் 15 சதவீதத்தை வரித்துறையான சார்ஸுக்கு முதலில் கட்ட வேண்டும். டீசலுக்கு வாட் பூஜ்யம், அதனால் நம் பெரிய செலவில் திரும்பக் கழிக்க ஒன்றும் இல்லை. வங்கிக் கணக்கில் கிடக்கிற அந்த 15 சதவீதத்தை நம்முடையது என்று நினைத்து டயர் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கண்ணாடியிலும் பார்த்திருக்கிறேன்.

ஒரு புரோக்கர் எனக்கு ஐந்து லோடுக்குக் காசு தரவில்லை. பெயர் வேண்டாம். முதல் ஒன்பது லோடுக்குச் சரியாகக் கொடுத்தான், நம்பிக்கை வந்ததும் கடைசி ஐந்தை இழுத்தான், அப்புறம் போன் எடுக்கவில்லை, அப்புறம் நம்பரே இல்லை. அந்த ஐந்து லோடில்தான் என் இன்ஜெக்டர் மாற்றும் பணம் இருந்தது. கிலோமீட்டருக்கு இரண்டு ராண்ட் என்று ரிப்பேருக்குத் தனியாக எடுத்து வைத்துவந்தேன், அந்த மாதம் வைக்க முடியவில்லை, சரியாக அந்த மாதம்தான் வண்டி புகைய ஆரம்பித்தது. ஒர்க்‌ஷாப்பில் ஒன்பது நாள். 1,800ஐ ஒன்பதால் பெருக்கிக்கொள்ளுங்கள், நான் பெருக்கிப் பெருக்கி அலுத்துவிட்டேன்.

நிலக்கரிப் பக்கம் போகலாமே என்று சிலர் கேட்பார்கள். முபுமலாங்கா மாகாணச் சுரங்கங்களிலிருந்து ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்துக்கு, பக்கவாட்டில் சாய்த்துக் கொட்டுகிற சைட் டிப்பரில் அடிக்கிற வேலை. கேபிள் திருட்டும் இன்ஜின் பற்றாக்குறையுமாக ரயில் படுத்ததால்தான் அந்த வேலை லாரிக்கு வந்தது. ரிச்சர்ட்ஸ் பே நிலக்கரி முனையத்தின் ஏற்றுமதி 2023இல் சுமார் 4.7 கோடி டன்னுக்கு இறங்கியது, 2024இல் சுமார் 5.2 கோடியாக ஏறியது. ரயில் எழுந்து உட்கார்கிறது என்று அர்த்தம், நாட்டுக்கு நல்லது. டிப்பருக்கு அறுபது மாதக் கடன் எடுப்பவர் இதை யோசிக்க வேண்டும், டிப்பரில் கன்டெய்னர் ஏற்ற முடியாது.

கடைசியாக, இப்போது நான் ஓட்டுகிற எட்டு டன். இதைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசுவதில்லை. கோட் 10 லைசென்ஸ் போதும். 3,500 கிலோவுக்கு மேற்பட்ட வண்டி என்பதால் ஆபரேட்டர் கார்டும் பி.டி.பி.யும் இதற்கும் வேண்டும், வருடா வருடம் ரோட்வொர்த்தி என்கிற வண்டித் தகுதிச் சோதனையும் உண்டு. ஹார்ஸ் விற்ற காசில் கடன் அடைத்து மிஞ்சியதில் இதை ரொக்கமாக வாங்கினேன். ஆறு டயர். ஹார்ட்வேர் கடைகளுக்கு சிமென்ட், டைல்ஸ்; வெள்ளி சனியில் கல்யாண வீடுகளுக்கும் கோவில் திருவிழாக்களுக்கும் பந்தல், நாற்காலி. பங்குனி, சித்திரையில் கை நிறைய வேலை, புரட்டாசியில் கல்யாணமே இல்லாததால் ஈ ஓட்டுவேன். இன்டர்லிங்கில் நல்ல மாதம் வந்த காசில் பாதிகூட இதில் வராது. மட்டமான மாதம் வந்தால்? வண்டியை வீட்டு முன்னால் நிறுத்திவிட்டுத் தூங்குவேன், தவணை கிடையாது, யாரும் போன் பண்ண மாட்டார்கள். ராத்திரி வீட்டுச் சாப்பாடு. என் மனைவிக்கு இந்த வண்டிதான் பிடிக்கும், அவளைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையை இரண்டு வரியில் முடித்திருப்பாள்.

ஆனால் எனக்கு வயது ஐம்பத்திரண்டு, அவனுக்கு முப்பத்தொன்று, எனக்குப் பொருந்துவது அவனுக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. அவன் கையில் சேமிப்பு கொஞ்சம் இருக்கிறது, கல்யாணம் ஆகவில்லை, ஓட்டுவதில் நல்ல கை, எட்டு வருடத்தில் ஒரு விபத்துகூட இல்லை. என்னைக் கேட்டால், இன்னும் இரண்டு வருடம் கம்பெனி வண்டியில் இருந்துகொண்டு சேர்த்துவிட்டு, பிறகு டீசல் விதியும் காலமும் உள்ள ஒப்பந்தத்தோடு ஹார்ஸ் வாங்கலாம். தனியாக லோடு பிடிப்பது அவனுக்கு வேண்டவே வேண்டாம், அவன் யாரையும் நம்பிவிடுவான். இப்படிச் சொன்னால் மாமா பயந்துவிட்டார் என்பான். அதனால் அறிவுரையாகச் சொல்லாமல் மூன்று காகிதம் கொண்டுவா, அப்புறம் பேசலாம் என்றேன். ஒன்று, அந்தப் பதினோரு லட்சம் கிலோமீட்டர் இன்ஜினைத் திறந்து பார்த்து, ஆயில் மாதிரி பரிசோதித்து, நம் மெக்கானிக் எழுதிக்கொடுக்கிற தாள். இரண்டு, முன்பணம் போக மூன்று மாதத் தவணையும் இரண்டு மாத டீசலும் இருக்கிற வங்கி அறிக்கை. டீசல் கார்டு அவர்கள் தருவதுதான், ஆனால் ஒப்பந்தம் முறிந்த மறுநாள் அந்தக் கார்டு வேலை செய்யாது. மூன்று, முப்பது நாளுக்குப் பதில் இருபத்து நான்கு மாதம் என்று அந்தக் கம்பெனி கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்.

நேற்று வந்திருந்தான். இந்த முறை உட்கார்ந்து சாப்பிட்டான். மெக்கானிக் தாள் கையில் இருந்தது, இன்னும் ஒரு லட்சம் கிலோமீட்டருக்குள் இன்ஜினைப் பிரிக்க வேண்டி வரும் என்று எழுதியிருக்கிறார். வங்கி அறிக்கையைக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. ஒப்பந்தத்தைப் பற்றிக் கம்பெனியில் கேட்டானாம், மேலே கேட்டுச் சொல்கிறோம் என்றார்களாம், பதினேழு நாள் ஆகிறது. வெள்ளை ஹார்ஸ் இன்னும் கிளேர்வுட்டில்தான் நிற்கிறது. விற்கிறவர் இதற்குள் இரண்டு தடவை விலையைக் குறைத்துவிட்டாராம்.